லாங்டனாக இருந்த ஈனோக்

எங்கள் ஊர்க் கல்லூரிக்காரர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் இதை நான் சொல்லவே வேண்டியிருக்காது. 1909 செப்டம்பரில் எங்கள் அயோவா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி, கல் குவாரியில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த ஈனோக் ஷ்ட்ராபைப் பிடித்து வந்தார்கள். கால்பந்து அணிக்காம். பேர்தான் கால்பந்து, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே நிற்பவனை இடித்துத் தள்ளுவதுதான் ஆட்டம். அதற்கு எங்கள் சீமான் வீட்டுப் பிள்ளைகள் லாயக்கில்லை.

மாணவன் அல்லாதவன் ஆடக்கூடாது. அதனால் பெர்சி லாங்டன் என்று ஒரு பொய்ப்பெயரில் அவனைச் சேர்த்தார்கள். இதெல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான். ஆள் வருவான், இடிப்பான், நவம்பரோடு போய்விடுவான். தங்குவது என் விடுதியில். நான் பார்க்காத லாங்டனா!

இவன் மட்டும் ஒரு தப்பு செய்தான். சேர்த்துக்கொண்டார்களே என்று வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டான்.

பயிற்சியாளர் ராக்வெல் என் சமையலறைக்கே வந்து கத்தினார்.

"உன்ன யாருடா படிக்கச் சொன்னது?"

"பேர் எழுதியிருக்கீங்களே சார்."

"அது ஒப்புக்குடா, மடையா!"

"காலையில கணக்கு, சாயங்காலம் ஆட்டம். ரெண்டையும் பாத்துக்கறேன் சார்."

அவர் போனதும் என்னிடம் சொன்னான்: "அக்கா, இந்த வருஷக் கணக்க முடிச்சிட்டா நிலம் அளக்கற வேலைக்கு எடுத்துக்குவாங்க. இல்லன்னா சாகற வரைக்கும் சம்மட்டிதான்." பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவன். இரவுச் சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் புத்தகத்தில் கிடப்பான்.

ஏழு ஆட்டம் ஜெயித்தார்கள். ஏழும் இவன் தோளால். கடைசி ஆட்டம் நவம்பர் கடைசியில், நன்றி நாள் பண்டிகையன்று. எதிரணிப் பயிற்சியாளர் இவனைப் பார்த்ததும் குதித்தார்.

"இவன் மாணவனா? எங்க, ஒரு கணக்கு போடச் சொல்லுங்க பாப்போம்!"

அவர்களுடைய பேராசிரியர் ஒரு காகிதத்தில் கணக்கை எழுதிக் கொடுத்தார். எங்கள் அணித்தலைவன் சான்சி பிராட்லீ, பெரிய வக்கீல் மகன், சும்மா இருக்கவேண்டியதுதானே?

"இதெல்லாம் ஒரு கணக்கா? குடுங்க, நானும் போடறேன்."

ஈனோக் போட்டது சரி. சான்சி போட்டது தப்பு. மைதானமே கைகொட்டிச் சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அன்று ஜெயிக்க வைத்ததும் ஈனோக்தான். கடைசி இடியில் அவன் காறை எலும்பு முறிந்தது. அவன் புல்லில் கிடக்க, சான்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தூ!

திங்கட்கிழமை ஒரு கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையில் புத்தகத்தோடு கிளம்பினான். குளிருக்குச் சுற்றும் கழுத்துத் துணியை விட்டுவிட்டுப் போகிறானே என்று எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கல்லூரி வாசலில் குமாஸ்தா அவனை மறித்தார்.

"லாங்டன் படிப்ப விட்டுட்டான்னு எழுதியாச்சு."

"நான்தானே சார் அது. விடலயே."

"உன் பேர் என்ன?"

"ஈனோக் ஷ்ட்ராப்."

"அப்படி ஒருத்தன் இங்க படிக்கவே இல்ல. போ, போ."

"இன்னைக்குப் பாடத்த மட்டும் கேட்டுட்டுப் போறேன் சார்."

கதவைச் சாத்தினார். அந்த மனுஷனை அங்கேயே நாலு அறை அறையாமல் விட்டது என் தப்பு.

ஈனோக் சுவரைச் சுற்றிப் போய்க் கணக்கு வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே பனியில் நின்றான். மணி அடிக்கும்வரை நகரவில்லை. துணியை அவன் கழுத்தில் சுற்றிவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே முதல் வரிசையில் சான்சி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.