கழிப்பறைப் போட்டோ

தலைமையாசிரியர் ஐயா, என் விரல்களை உடைத்தது நீங்கள்தான்.

நகரி பக்கத்தில் இருக்கும் நம் பள்ளியில் தினமும் காலையில் கழிப்பறையைப் போட்டோ எடுத்து ஆந்திர அரசாங்கச் செயலியில் ஏற்ற வேண்டும். அதை டீச்சரம்மாக்கள் தலையில் கட்டிவிட்டு சார்கள் பேப்பர் படிப்பார்கள். அன்று பத்தாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் கூப்பிட்டனுப்பினீர்கள். உங்கள் அறைவாசலில் நின்று, "வகுப்பு போய்க்கினு இருக்குது. இன்னிக்கு ஒரு சார் எடுக்கட்டும்" என்றேன்.

"ஏம்மா, கக்கூஸ் பாக்கறது ஆம்பள வேலையா? வூட்ல புருஷனத்தான் அனுப்புவியா?"

உள்ளே இருந்த சார்கள் சிரித்தார்கள்.

"ஆமா சார், எங்க வூட்ல அவருதான் கழுவறாரு."

சிரிப்பு நின்றது. நீங்கள் எழுந்து வந்தீர்கள். கதவு நிலையில் என் கை இருப்பதைப் பார்த்துக்கொண்டே கதவை அறைந்து சாத்தினீர்கள். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. புடவையெல்லாம் ரத்தம்.

திருப்பதி ஆஸ்பத்திரியில், காற்றில் கதவு அடித்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னீர்கள். ஊரிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். எனக்கு இன்னும் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அந்தக் கதவை அறைந்தது யார்?