மயில் வந்த மூன்றாம் நாள்

போன வாரம் கோயில் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கந்தசஷ்டி மூன்றாம் நாள். வெளியே ஐப்பசி மழை. உள்ளே கற்பூரமும் ஈரச் சேலைகளின் வாசமும். யாரோ மெல்லத் தோளைத் தொட்டார்கள்.

எங்கள் மாடி வீட்டுத் திலகமக்கா.

“தம்பி, இண்டைக்கு மூண்டாம் நாள்...”

“ஓமக்கா.”

“இந்த முறையும் உமக்கு ஒண்டும் வரேல்லையோ?”

இல்லையென்று தலையாட்டினேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் பொறுமையாகக் காத்திருக்கிறார், பாவம். எனக்கு மறுபடி உரு வரவேண்டும், நான் ஆடவேண்டும், குறி சொல்லவேண்டும். நானோ வெறுமனே தேவாரம் பாடிக்கொண்டு இருக்கிறேன்!

இதை உங்களுக்கு விளக்க வேண்டுமென்றால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்தப் பத்தியில் நாங்கள் என்னென்னவோ கதைத்திருக்கிறோம். பஸ் கண்டக்டர், கரண்ட் கட், பொலிஸ் பதிவு, சொந்தக்காரரின் கல்யாண வீடு... இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன்.

நான் குடிகாரன்.

‘குடிகாரனாக இருந்தேன்’ என்று எழுதத்தான் கை போகிறது. என் டொக்டர் விடமாட்டார்.

எப்படித் தொடங்கியது? எல்லோருக்கும் போலத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது. நடுவே கோச்சிப் பாதை, ரயில் ஓடும் தண்டவாளம். மாலையில் வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் கதிரையில் உட்காருவேன். கையில் ஒரு கிளாஸ் சாராயம். கடல் செம்பாகும். கோச்சி வரும், போகும். ரேடியோ செய்தியில் எங்கோ ஷெல் விழும். அதன் சத்தம் மெல்ல மெல்லப் பஞ்சில் சுற்றியதுபோல ஆகிவிடும். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு யாரும் சாகவில்லை, யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அது சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

சண்டைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் திலகமக்காவுக்கும் அதே சண்டைதானே? அவர் குடிக்கவில்லையே?

ஒரு கிளாஸ் கால் போத்தலானது. கால் அரையானது. பிறகு ஒரு நாள் காலையில், அலுவலகத்தில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கப் போனேன். பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. என் பெயரின் முதல் எழுத்தே மூன்று கொம்போடு வந்தது. அன்றைக்குப் பாத்ரூமுக்குள் போய் ஒரு மிடறு விழுங்கிவிட்டு வந்தேன். கை கல்லுப் போல நின்றது. ஆஹா... மருந்து!

அதற்குப் பிறகு அந்த மருந்து என் மேசை லாச்சியில் நெல்லிக்கிரஷ் போத்தலில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிறம். நெல்லி உடம்புக்கு நல்லது என்று பக்கத்து மேசைக்காரர் பாராட்டுவார். நானும் ஓம் என்பேன்.

மனைவி சறோவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை. “களைச்சுப்போய் வந்திருக்கிறார்” என்பாள். “வயித்துக்குச் சரியில்லை” என்பாள். என் பொய்களுக்கு அவளும் சேர்ந்து தலை சீவிப் பொட்டு வைத்தாள்.

இவ்வளவுக்கும் என்னிடம் ஒரு சேர்ட்டிபிக்கட் இருந்தது. கந்தசஷ்டி!

எங்கள் ஆட்களில் பலர் வைத்திருக்கும் சேர்ட்டிபிக்கட்தான். வருஷம் முழுக்க எப்படி இருந்தாலும், சஷ்டிக்குத் தர்ப்பை போட்டால் ஆறு நாளும் மச்சம் மாமிசமில்லை, மதுவில்லை. ஏழாம் நாள் பாறணையோடு விரதம் முடியும். அன்று மாலை பழைய கதிரை, பழைய கிளாஸ். யாராவது வாயைத் திறந்தால், “ஆறு நாள் தொடாமல் இருக்கிறன். நான் குடிகாரனோ?” என்று கேட்பேன். எதிர்ப்பேச்சு வராது. முருகனே கையெழுத்து வைத்த பத்திரமல்லவா?

இரண்டு வருஷத்துக்கு முந்திய சஷ்டிக்கும் அப்படித்தான் தர்ப்பை போட்டேன். பாலும் பழமும் மட்டும்.

முதல் நாள் பின்னேரமே கை ஆடியது. விரதக் களைப்பு என்றேன். இரவு நித்திரை இல்லை. இரண்டாம் நாள் வேர்த்து வேர்த்து மூன்று பெனியன் மாற்றினேன். பால் வயிற்றில் நிற்கவில்லை. நெஞ்சு, கோச்சிப் பாதைக்குப் பக்கத்து வீட்டு யன்னல்போல அதிர்ந்துகொண்டே இருந்தது. மருந்து அலுவலக லாச்சியில் இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல். சேர்ட்டிபிக்கட் கிழிந்துவிடும் என்று இன்னொரு குரல். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை எல்லாம் அழகாகிவிட்டது.

கட்டில்மேல் கட்டிய நுளம்பு வலையில் முதலில் எறும்புகள். சின்னச் சின்ன வெள்ளி எறும்புகள், வரிசையாக, யாருக்கோ தோரணம் கட்டுவதுபோல. பிறகு கடல் ஒழுங்கைக்குள் வந்தது. சத்தமே இல்லை. வாசற்படியில் ஏறி, செருப்புகளை நனைக்காமல் நின்றது. அதன்மேல் ஒரு கோச்சி மிதந்துபோனது. யன்னலோரத்தில் என் செத்துப்போன சிநேகிதர்கள் எல்லாம் இருந்தார்கள், வெள்ளை வேட்டியோடு, பிக்னிக் போவதுபோல. கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

அப்புறம் யன்னல் விளிம்பில் மயில்.

எவ்வளவு நீலம்! இன்றைக்கும் எழுதும்போது மனசு அங்கே போய்விடுகிறது. அது தோகையை விரித்தபோது சுவர் விலகி இடம் கொடுத்தது. நான் எழும்பி நின்று, உடம்பெல்லாம் பதற, “மயில் வந்திட்டுது! மயில் வந்திட்டுது!” என்று கத்தினேனாம்.

அது போதாதா?

கதவு திறந்திருந்தது. மாடியிலிருந்து திலகமக்கா இறங்கி ஓடி வந்தார். விரதக்காரன், மூன்றாம் நாள், உடம்பு ஆடுகிறது, வேர்வை வழிகிறது, மயில் என்கிறான்... “முருகா!” என்று காலில் விழுந்தார். ஐந்து நிமிஷத்தில் அறை நிறைய ஆட்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். நெற்றியில் திருநீறு அப்பினார்கள். ஒருவர் அரோகரா சொன்னார்.

“அப்பனே, என்ர மகளுக்குக் கனடா விசா எப்ப வரும்?” என்று அக்கா கேட்டாராம்.

“மழையோட வரும்” என்றேனாம். ஐப்பசியில், கொழும்பில், மழைக்கா பஞ்சம்! ஆனால் வந்ததே? மூன்று கிழமை கழித்து, கொட்டுகிற மழையில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். இனி அக்காவை யார் மாற்றுவது?

நான் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். சறோ மட்டும் என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நெருப்புச் சூடு. நாடி தாறுமாறு. கண் அவளை அடையாளம் காணவில்லை.

“இது சாமி இல்லை” என்றாள். “வழி விடுங்கோ.”

“பிள்ளை, தெய்வக் குற்றம் ஆகும்.”

“ஆகட்டும் அக்கா. ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தாங்கோ.”

இனி வருவது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. மிச்சம் சறோ சொன்னது.

காலி வீதியில் செக்பொயின்ற். ஓட்டோவை மறித்தார்கள். இறங்கச் சொன்னார்கள். சண்டைக் காலத்தில் வேர்த்து நடுங்கும் ஒரு தமிழனை ஆமிக்காரன் எப்படிப் பார்ப்பான் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ஐசியை, என் அடையாள அட்டையை, எடுத்தேன், விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளி எறும்புகள் என் சட்டைக்குள் புகுந்துவிட்டன. சட்டைக்குள் கையை விட்டேன்.

“அத் உஸ்ஸப்பங்!” கையைத் தூக்கு என்று கத்துகிறான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே. நான் தூக்கவில்லை. எறும்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். துவக்கின் நுனியில் மயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

சறோ ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து ஒரே இழுவை. பொத்தான்கள் தெறித்தன. உள்ளே பெனியனும் என் எலும்புகளும் மட்டுமே. நடுவீதியில் நின்று அவள் அழுதாள்.

ஒரு பொலிஸ் சார்ஜன் நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலைப் பல். பெல்ட்டுக்கு மேலே தாராளமான தொந்தி. “மொக்கத வெலா தியென்னே?” என்ன நடந்தது என்று கேட்டார்.

“உண, சேர்” என்றாள் சறோ. காய்ச்சல்.

சார்ஜன் என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரல்கள் தாமாக ஆடின. கண்ணைப் பார்த்தார். பிறகு துவக்கைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, சறோவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“மாத்தயா பொனவாத?” ஐயா குடிக்கிறவரா?

சறோ நிலத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்குள் வராத சொல். தாயிடம், தங்கையிடம், கடவுளிடம்கூடத் தமிழில் சொல்லாத சொல்.

“பொனவா” என்றாள். “ஹெமதாம பொனவா.” குடிக்கிறவர். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்.

சிங்களத்தில் அது ஏனோ சுலபமாக வந்தது என்று பிறகு சொன்னாள். வேறு யாருடைய புருஷனைப் பற்றியோ சொல்வதுபோல இருந்ததாம்.

“எப்போது நிறுத்தினார்?” என்று சார்ஜன் கேட்டார்.

“தவஸ் துனய்.” மூன்று நாள்.

சார்ஜன் தலையாட்டினார். “மமத் எஹெமய்” என்றார். நானும் அப்படித்தான். தான் நிறுத்தியபோது சப்பாத்துக்குள் பாம்பு கண்டாராம். இரண்டாம் நாள் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம். நிறுத்தியது நல்லது, ஆனால் வீட்டில் வைத்துக்கொண்டு நிறுத்தக்கூடாது. செத்துப்போவார், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே வெட்கப்படாமல் குடி என்று சொல்லுங்கள், காய்ச்சல் என்று சொல்லாதீர்கள் என்றார். அடுத்த தடையில் மறிக்காதபடி வோக்கிடோக்கியிலும் சொன்னார். என் ஐசியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தது அவர்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் சறோ இரண்டாம் முறை சொன்னாள். இந்த முறை தமிழில்.

ஊசி போட்டார்கள். சேலைன் ஏற்றினார்கள். விற்றமின் ஏற்றினார்கள். நான் ஒரு நீண்ட மஞ்சள் வெளிச்சத்துக்குள் மிதந்தேன். கடல் ஒவ்வொரு படியாக இறங்கிப்போனது. மயில் கடைசியாகப் போனது. போகும்போது நான் அழுதேன் என்று நேர்ஸ் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள்தான் டொக்டர் அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கேட்டார்: “காலமையிலயும் குடிப்பீங்களோ?”

“கை நடுங்கினால் மட்டும், டொக்டர்.”

“குடிச்சால் கை நடுங்கும் எண்டுதான் சனம் நினைக்குது. குடிக்காட்டிக் கை நடுங்கினால், அதுதான் வியாதி. உங்கட உடம்பு சாராயத்தில பழகிப்போச்சு. திடீரெண்டு பறிச்சால் இப்படித்தான். விடத்தான் வேணும், ஆனால் எங்களிட்ட வந்து, மருந்தோட விடவேணும்.”

“விரதம் டொக்டர்...”

“விரதம் முருகனுக்குப் பிடிப்பினம். நீங்கள் ஆருக்குப் பிடிச்சனீங்கள்?”

சறோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். ஒரு தேவாலயத்துப் பின்மண்டபத்தில் எங்களைப் போன்றவர்கள் கூடிக் கதைப்போம். வத்தளையிலிருந்து ஒருவர் வருவார். அவருக்கும் சேர்ட்டிபிக்கட் இருந்ததாம். தவக்காலம் நாற்பது நாளும் தொடமாட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பதில் சேராதே, அதனால் ஞாயிறு மட்டும்...! நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். குடிக்காத நாட்களைக் காட்டித்தான் எல்லாக் குடிகாரனும் தப்பப் பார்க்கிறான். குடிக்காத அந்த நாட்களில் உடம்பு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கமாட்டான்.

எல்லாம் சுகமா என்று கேட்பீர்கள். மாலையில் கடல் செம்பாகும்போது கை இன்னும் ஒரு கிளாஸைத் தேடுகிறது. சறோ வெறும் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பாள். கோச்சி இப்போது பெரிய சத்தத்தோடு போகிறது. செய்தியில் விழும் ஷெல்லும் அப்படியே நெஞ்சில் விழுகிறது. வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் கோயிலில் திலகமக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இரண்டு வருஷம் ஒரு மனுஷியைக் காக்க வைத்தது போதாதா?

“அக்கா, அண்டைக்கு எனக்கு வந்தது முருகன் இல்லை. சாராயம். விட்ட சாராயம்.”

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். கோபிக்கவில்லை. திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

“அது உம்மட மனிசி எனக்கு எப்பவோ சொல்லிப்போட்டாள், தம்பி. நான்தான் நம்பேல்லை. சரி, வந்தது சாராயமாகவே இருக்கட்டும். அப்ப செக்பொயின்றில நிண்டு உம்மைக் காப்பாத்தினது ஆர்? முருகன் இல்லையோ?”

வீடு வரும்வரை மழையில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா சொல்வதில் ஒரு பிழைதான் இருக்கிறது. அந்தச் சார்ஜனின் தொந்தியைப் பார்த்தால், வந்தது தம்பியில்லை... தமையன்!