வரவேண்டிய கையெழுத்து

என் கணவர் காற்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார், கவுன்சிலில் பொறுப்பான வேலை, பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். ஆனால் சம்பளம் வந்த சனிக்கிழமை லண்டன் இல்ஃபோர்டில் ஒரு பெட்டி அட்டை வாங்கிவந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அந்த நேரத்தில் நான் குழம்புச் சட்டியோடு மேசைக்குக் கிட்டப் போகக்கூடாது. அது வீட்டுச் சட்டம்.

நாங்கள் இல்ஃபோர்ட் ஃபிளாட்டில் இருந்தபோது ஒருநாள், “வந்திட்டான்!” என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கையில் இருந்த அட்டையில் ஆளும் இல்லை, பந்தும் இல்லை. வெறும் எழுத்துத்தான். இந்த ஆட்டக்காரர் கையெழுத்திட்ட அட்டை இன்னும் தயாராகவில்லை, கீழே உள்ள இலக்கத்தைச் சுரண்டி எங்கள் இணையத்தளத்தில் பதியுங்கள், வந்ததும் அனுப்புவோம் என்று இருந்தது. இதற்கு ரிடெம்ப்ஷன் கார்ட் என்று பெயராம். கலியாண வீட்டில் இலையைப் போட்டுவிட்டு, சோறு பிறகு வரும், இருங்கோ என்பதைப் போல.

“இதுக்கே காசு குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“உமக்கு விளங்காது. இவன்ரை கையெழுத்து ஒண்டுதான் என்னட்டை இல்லை.”

அந்த ஆட்டக்காரரை எனக்கும் தெரியும். பின்வரிசையில் நின்று ஆடியவர். அவர் கோல் அடித்து நான் கண்டதில்லை. என் கணவர் அகதியாக வந்த புதிதில், விசா வழக்கு முடியாமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அறையில் நாலைந்து பேரோடு இருந்தாராம். பொழுதுபோக ஒரு பழைய டிவிதான். “எல்லாரும் முன்னுக்கு ஓடுவாங்கள். இவன் மட்டும் நிண்ட இடத்திலை நிப்பான்” என்பார். அந்த ஆளின் அட்டைகள் ஒரு ஆல்பம் நிறைய இருக்கின்றன. கையெழுத்துக்கென்று முதல் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார்.

இலக்கத்தைப் பதிந்தார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. மாதங்கள் போயின, வருடமும் போனது, பரிசீலனை போகவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான், சாமிப்படம் பிறகு. கம்பனிக்கு எழுதினால், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வரும். எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கொண்டு வரும். ஆர் இங்கே பொறுமையாக இருக்கிறார்கள், இவர்கள் நன்றி சொல்ல?

இதற்கிடையில் பக்கத்திலேயே குட்மேய்ஸில் வீடு வாங்கினோம். நல்லநாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். வங்கி, டொக்டர், கரண்ட் என்று எல்லா இடத்திலும் விலாசத்தை மாற்றினோம். அட்டைக் கம்பனிக்கு மட்டும் இவர் மாற்றவில்லை.

“ஏன், அவைக்கு மட்டும் என்ன விசேஷம்?”

“மாத்தேலாது. விலாசம் மாத்தினால் பைல் அடியிலை போயிடும்.”

அந்தப் பார்க்கிங் அறையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்களாம். கூரை ஒழுகினாலும் ஒருவரும் அறை மாற மாட்டார்கள்.

“இது விசா இல்லையப்பா, பந்தடிக்கிறவன்ரை படம்!”

“எல்லாம் ஒண்டுதான். வரிசையிலை நிக்கேக்கை அசையக்கூடாது.”

ஆகவே தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சனிக்கிழமை தோறும் பழைய ஃபிளாட்டுக்குப் போனார். அங்கே இப்போது மலேசியாவிலிருந்து படிக்க வந்து, வேலையும் கிடைத்துத் தங்கிவிட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். நானும் ஒருமுறை கூடப் போனேன். கதவைத் திறந்தவள், “உங்க ஆளு இன்னும் வரலைண்ணே. உள்ள வாங்க, டீ போடுறேன்” என்றாள். சொந்தத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, இவரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

போன மாசிமாதம் கம்பனியிடமிருந்து வேறொரு செய்தி வந்தது. கையெழுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். விரும்பினால் அதற்குக் குறையாத மதிப்புள்ள வேறொரு ஆட்டக்காரரின் கையெழுத்தை உடனே அனுப்புவார்களாம். இல்லையென்றால் காத்திருக்கலாமாம். அவர்கள் தருவதாகச் சொன்னது, ஊரே தலையில் வைத்து ஆடுகிற ஒரு இளம் கோல்காரன். கடையில் கொடுத்தால் இவனுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று என் கணவரே சொன்னார். சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

“நீர் என்ன சொல்லுறீர்?”

அட்டை விஷயத்தில் இவர் என்னைக் கேட்டது அதுதான் முதல்தடவை. வாங்கித் துலையுங்கோ, இந்தச் சனிக்கிழமை அலைச்சலாவது முடியட்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் ‘குறையாத’ என்ற சொல்லை நான் முன்பும் ஒருதரம் கேட்டிருக்கிறேன்.

“காத்திருக்கிறம் எண்டு போடுங்கோ” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீரோ இதைச் சொல்லுறீர்?”

அப்போதுதான், இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். இவருக்கு என்னைப் பேசிவைத்திருந்த காலம். இவருடைய வழக்கு முடிகிற வழியாய் இல்லை. யாழ்ப்பாணத்தில் எனக்கு வயது ஏறிக்கொண்டு போனது. ஒருநாள் அப்பா கனடாவிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைப் படத்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். “அவருக்கு ஒரு விதத்திலும் குறையாத பிள்ளை. விசா இருக்கு, வீடு இருக்கு. அடுத்த மாதமே அலுவலை முடிக்கலாம்” என்றார். அப்பாவில் பிழை சொல்ல மாட்டேன். என்னை நினைத்துப் பயந்துபோய் இருந்தார். நான் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இவர் மேசையிலிருந்த போனை ஓரமாய் நகர்த்தினார். பிறகு, “ஆள் வடிவோ?” என்று கேட்டார்.

“உங்களைவிட வடிவு. உயரமும் கூட.”

“பிறகேன் வேண்டாமெண்டனீர்?”

“நான் ஓம் எண்டது உங்களுக்கெல்லோ.”

அவர் என் கையைப் பிடித்தபடியே, மற்றக் கையால் போனில் ‘காத்திருக்கிறேன்’ என்பதை அழுத்தினார்.