சாவோ தோமே அம்மாவும் வத்தலக்குண்டு வரிசையும்

கோகோ கம்பெனியில் ஃபீல்டு ஆபீஸராக இருந்த காலமெல்லாம் என்னிடம் எதற்கும் ஒரு பதில் இருந்தது. மேனேஜர் கத்தினாலும், விவசாயிகள் வண்டியை மறித்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஒரே ஒரு நாள் அந்தச் சாமர்த்தியம் உதவவில்லை. கோகோ வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

1. கட்டையும் கத்தியும்

வத்தலக்குண்டுப் பக்கம் பெரியசாமி என்பவர் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போட்டிருந்தார். அவர் தோப்பில் முப்பது பேருக்கு வேலை. கோகோக் காயைக் கத்தியால் வெட்டக் கூடாது, மரக்கட்டையால் தட்டித்தான் உடைக்க வேண்டும். கத்தி உள்ளே இருக்கும் விதையைக் கீறிவிடும், கையையும் கீறும். பயிற்சிக் கூட்டம் போட்டுத் தொண்டை வறளச் சொன்னவன் நான்தான்.

அந்த வருஷம் எங்கள் பகுதிக் கோகோவை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்குவதாக இருந்தது. தோப்பில் ஆட்களை நல்லபடி நடத்துகிறார்களா என்று பார்த்து எழுத லூசியா என்ற ஆய்வாளர் வருவார் என்றார்கள். அவர் நல்லபடி எழுதினால்தான் கொள்முதல். அவர் வருவதற்குள் விதையை நொதிக்க வைக்கும் பெட்டிகளையெல்லாம் நிரப்பிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கத்தி என்றால் வேலை சீக்கிரம் முடியும், ரெண்டு நாளைக்கு மட்டும் அதாலேயே வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாளே, காய் வெட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாளின் இடது உள்ளங்கை பிளந்தது. தையல் போட்டுக் கட்டு கட்டியது பெரிய துணி மூட்டை மாதிரி இருந்தது. அந்தக் கையோடு மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நிற்கிறாள். ஒரு நாள் வராவிட்டாலும் தன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். அன்றுதான் ஆய்வாளர் வரும் நாள்.

பெரியசாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், ஆய்வுக்கு வர்ற அந்தம்மா கண்ணுல இந்தக் கட்டு பட்டா அம்புட்டுதான்."

நான் பாண்டியம்மாளிடம் போனேன். "செத்த நேரம் சாக்கு ரூம்ல இரும்மா. அவங்க போனதும் கூப்பிடுறேன்" என்றேன். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். நானே கதவைச் சாத்தினேன்.

2. வரிசை

விருந்தாளி வந்தால் வரிசையாக நின்று மாலை போடுவது நம் ஊர் மரியாதை. நிலக்கோட்டை மல்லிகையில் மாலை வாங்கி வைத்திருந்தேன். கார் உள்ளே வந்ததும், தினமும் ஆட்களைக் கூப்பிடத் தட்டுகிற தண்டவாளத் துண்டைத் தட்டினேன். இருபத்தொன்பது பேரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

லூசியாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு நிறம், ஒட்ட வெட்டிய முடி. இறங்கியவர் சத்தம் கேட்டு அப்படியே நின்றார். பிறகு மாலையைக்கூடப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய் வரிசையின் கடைசியில் ஓர் ஆளாக நின்றுகொண்டார். "என்ன சார், அந்தம்மா அங்கிட்டுப் போய் நிக்கிது?" என்று பெரியசாமி என் காதைக் கடித்தார். எனக்கு என்ன தெரியும்?

கொஞ்ச நேரம் கழித்துக் காய வைக்கும் களத்தில் எல்லாரையும் உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார். மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. தன் ஊர் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் இருக்கும் சாவோ தோமே என்றார். தோமையார் பெயர் வைத்த தீவு என்று கேட்டதும், மாதா கோயிலுக்குப் போகிறவனான எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அது நிலைக்கவில்லை.

போர்ச்சுக்கீசியர் போய் இறங்கியபோது அந்தத் தீவில் மனிதர்களே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை அடிமைகளாகக் கொண்டுவந்து கரும்பு போட்டார்கள். பல தலைமுறை கழித்துக் காப்பி, அப்புறம் கோகோ. அடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்த பிறகு அதே வேலைக்கு ஒப்பந்தக் கூலி என்று பெயர். லூசியாவின் அம்மா, அதே போர்ச்சுக்கீசியர் ஆண்ட கேப் வெர்டே தீவில் மழை பொய்த்த ஒரு வருஷத்தில், கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர். ஒப்பந்தக் காலம் முடிந்தது, ஊர் திரும்பும் வழிதான் கிடைக்கவில்லை. தோட்டத்தில் காலையும் மாலையும் மணி அடிக்கும், வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். எழுபத்தைந்தில் நாடு விடுதலையாகும்வரை லூசியாவும் சிறுமியாக அந்த வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்.

"மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் வரிசையில் திடமான ஆட்கள் மட்டும்தான் நிற்பார்கள்" என்றார். "என் அம்மாவுக்குக் காலில் வெட்டுக் காயம். உலர்களத்துக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்கள்."

அதையும் நானே தமிழில் சொன்னேன். அடுத்து அவர் என்னிடம் கேட்டார்: "இன்று வேலைக்கு வந்தவர்கள் இவ்வளவு பேர்தானா?"

பழக்கத்தில் அதையும் தமிழில் சொல்லிவிட்டேன். களத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் கண்கூடச் சாக்கு ரூம் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"போயிட்டாங்களா சார்?" என்றாள் பாண்டியம்மாள்.

"இல்லம்மா. நீ வா."

வெளியே வந்தவள் கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். எப்படி ஆனது என்று லூசியா கேட்டதை அவளிடம் சொன்னேன். "காய் வெட்டையில நாந்தான் பராக்குப் பாத்துட்டேன், சார் மேல ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்றாள்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கத்தியால் வெட்டச் சொன்னது நான், அவளை ஒளித்து வைத்ததும் நான் என்று லூசியாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார்.

3. பிறகு

அந்த வருஷம் கொள்முதல் கிடைக்கவில்லை. மறு ஆய்வுக்குப் பிறகு அடுத்த வருஷம் கிடைத்தது. பெரியசாமி பல மாதம் என்னோடு பேசவில்லை. மேனேஜர் பேசினார், அதை இங்கே எழுத முடியாது.

ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் யாரை மறைக்கலாம் என்று மனசு தேடுகிறதோ, அவரிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டும். முப்பது வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதுவும் தாமதமாக.

அன்று கார் கிளம்பியதும் பாண்டியம்மாள் என்னிடம் வந்து, தான் சொன்னதை அப்படியே சொன்னேனா என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லிவிட்டேன் என்றேன். நான் சொன்னது நல்லதா கெட்டதா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா சார்?" என்றாள்.