என் போனுக்கு வந்த ஹால் டிக்கெட்

சின்னசேலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ராணுவ வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க, கல்வராயன் மலையிலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். உடல்தகுதித் தேர்வுக்காக மலைப்பாதையில் தினமும் ஓடிப் பழகுவதாகச் சொன்னாள். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், வழக்கம்போல என் செல்போன் எண்ணையே பதிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள்.

"அண்ணா, ஹால் டிக்கெட் இன்னா ஆச்சுங்க?"

போனைத் துழாவினேன். விளம்பரங்களுக்கு நடுவே அந்தக் குறுஞ்செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. தேர்வு முந்தின நாளே முடிந்திருந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"இன்னும் வரலம்மா" என்றேன்.

"பரவால்லீங்கண்ணா. வர்ற வரைக்கும் தெனமும் ஓடிக்கினுதான் இருப்பேன்."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால், என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை தேடியிருப்பாள். நான் பொய் சொன்னதால், அந்த மலைப்பாதையில் இன்னும் எத்தனை நாள் ஓடினாளோ!