பறியைக் கவ்விய வாய்

எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர் அந்த அம்மா. பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருப்பார். பேச வேண்டுமென்றால் அதைக் கையில் எடுக்க வேண்டும். ஆய்வகத்துக்காக நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்தபோது எடுத்தார்.

"ஓடுற தண்ணில இன்னாத்த கண்டுபிடிப்ப? கம்பெனிக்காரன் வுட்றதெல்லாம் துன்னுகினு இங்கியே கெடக்குறது எறாதான். இத்த எடுத்துகினு போ!"

அவர் கிள்ளிக் காட்டிய இறாலின் குடலில் கறுப்புச் சாம்பலோடு நீல நைலான் இழை.

ஈயம் இருக்கிறதா பார்க்கலாம் என்று மேலதிகாரியிடம் கொடுத்தேன். படிவத்தில் இறாலுக்குக் கட்டமில்லை என்று குப்பையில் போட்டார். "தண்ணீரில் மாசு வரம்புக்குள் உள்ளது" என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்ட வெட்கங்கெட்டவன் நான்.

மறுமாதம், "எறா இன்னாச்சு?" என்றார். சொன்னேன்.

பறியைக் கவ்விக்கொண்டார். பிறகு எத்தனை முறை போனபோதும், என்னைத் திட்டுவதற்குக்கூட அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.