பாஸ்போர்ட்டில் ஏறிய மூன்றாவது பிள்ளை

எங்கள் அம்மாவிடம் யார் வந்து "உனக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டாலும் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்லுவாள். வளையல்காரி கேட்டாலும் சரி, வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் பக்கத்து ஊர்க்காரி கேட்டாலும் சரி, "ரெண்டு" என்பாள். நாங்கள் மூன்று பேரும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கண்ணெதிரே நின்றாலும் ரெண்டுதான். கேட்டவள் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போவாள். அவள் மட்டும் என்ன, தன் வீட்டுக் கணக்கைச் சரியாகவா சொல்லப்போகிறாள்?

அம்மாவுக்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். ஒலக்கூரில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்க, அம்மா பெருமையாக முழுக் கணக்கையும் சொல்லியிருக்கிறாள். வீடு திரும்பிய கையோடு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, பிழைக்கவில்லை. அப்போது ஊர் முழுக்கத்தான் காய்ச்சல். ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை அது கண்ணேறு, வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுக் கணக்கு வந்ததே கிடையாது.

அப்பா சைகோனில் இருந்தார். கோட்டக்குப்பத்து முதலாளி ஒருவர் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு அப்பா வாசல் காவல். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவார், ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அவர் முகம் சரியாக நினைவில்லை. மீசை நினைவிருந்தது, அவர் போட்டுக்கொண்டு வந்த பூட்ஸின் சத்தம் நினைவிருந்தது, அவ்வளவுதான். எனக்கு எட்டு வயதானபோது, குடும்பத்தை அழைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார் என்று ஊருக்கு வந்த ஆள் ஒருவர் மூலம் அப்பா சொல்லி அனுப்பினார். கப்பல் செலவும் முதலாளியுடையதுதான்.

சைகோன் பிரெஞ்சுக்காரன் ஊர். எங்கள் பக்கத்து ஜனங்கள் கண்டித் தோட்டத்துக்குப் போவதுபோல மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எழுதிவிடுவார்கள். அதில் பெயர் ஏறாத பிள்ளையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

திண்டிவனம் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதித் தருகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அம்மா அவரிடம் போனாள். கூட அண்ணன் இருந்தான், இடுப்பில் தம்பி இருந்தான். நான் அப்போது விழுப்புரத்தில் சின்னம்மா வீட்டில். சுற்றிலும் நிலவரிக் கிஸ்தி கட்ட வந்தவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். மனு எழுதுகிறவர் நிமிர்ந்து, "புள்ளைங்க எத்தினிம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்ன சொல்லியிருப்பாள்? "ரெண்டுங்க."

பெயர் கேட்டார். கண்ணெதிரே நின்ற இரண்டு பெயரைச் சொன்னாள். வீட்டுக்கு விசாரணைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடமும் அதே ரெண்டு. அவர் பின்னால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்போது வேறு எதைச் சொல்லுவாள்?

சென்னையிலிருந்து பாஸ்போர்ட் வந்த அன்று நான் திண்டிவனத்துக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? அதே மனு எழுதுகிறவரிடம் எடுத்துப் போனோம். அவர் அம்மாவின் பெயரைப் படித்தார், அண்ணன் பெயரைப் படித்தார், தம்பி பெயரைப் படித்தார், மூடிவிட்டார்.

"எம்பேரு?" என்றேன்.

திரும்பத் திறந்து புரட்டினார். "உம்பேரு இல்லியே பாப்பா. நீ யாரு?"

நான் யாரா! எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்துவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அத்தினி பேரு நின்னாங்களேன்னு வாய் தவறாம சொன்னேனே! சர்க்காருக்குத் தெரியாதா? இவ பொறந்தப்ப மணியக்காரர் எழுதிக்கினு போனாரே!" வெளி ஆளுக்குத்தான் ரெண்டு, சர்க்கார் தானாகவே மூன்று என்று போட்டுக்கொள்ளும் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

வீடு வருகிற வழியெல்லாம் அண்ணன் ஆடினான். "நான் கப்பலு, தம்பி கப்பலு, நீ இங்கியே கேப்பைக் கூழு!" அவனை அடிக்கத் துரத்தினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினேன்.

பெயரைச் சேர்க்கச் சொல்லி மறுபடி மனு போட்டார்கள். மணியக்காரரின் பிறப்புப் பதிவைப் பார்த்தார்கள். அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பிறந்த அன்றைக்கே யார் பெயர் வைக்கிறார்கள்? சரி, ஒரு பெண் பிறந்திருக்கிறது. அந்தப் பெண் இவள்தானா? பாதி வருஷம் விழுப்புரத்தில் இருக்கிறாள் என்றதும் தாசில்தார் அங்கே விசாரிக்கச் சொல்லி எழுதினார். வந்தது வினை.

சின்னம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சின்னம்மாவின் புருஷன் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைனில் ஒற்றை அறை வீடு, வாசலில் எப்போதும் கரித்தூள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், பிள்ளை இல்லை. அதனால்தான் என்னை அடிக்கடி அனுப்பி வைப்பாள் அம்மா. சின்னம்மா எனக்குத் தலை வாரிப் பூ வைத்து, லைனில் வீடு வீடாக என்னைக் கூட்டிக்கொண்டு போய், "எம்பொண்ணு" என்பாள். "பாட்டிகிட்ட இருந்துச்சு, இப்பதான் வந்துச்சு" என்பாள். நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவள் வாங்கித் தருகிற முறுக்கு அப்படி.

ஆகவே விழுப்புரத்து விசாரணையில் லைன் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: அது பாயிண்ட்ஸ்மேன் பொண்ணுங்க. அம்மா ஒன்றைக் குறைத்தாள், சின்னம்மா ஒன்றைக் கூட்டினாள், நடுவில் நான் யாருக்கும் இல்லாமல் போனேன்.

தாசில்தார் அம்மாவைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தாராம். பிறத்தியார் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்களாம். விழுப்புரத்துக்காரி நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும், அவள் பெண் என்றால் இந்த மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அம்மா என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறினாள். விழுப்புரத்தில் அக்காவும் தங்கையும் போட்ட சண்டையை லைனே கேட்டது.

"அடிப்பாவி, எம்புள்ளய உம்புள்ளன்னு சொல்லிக்கினு திரிஞ்சியா?"

"நீதானே ரெண்டுன்னு சொல்லிக்கினு திரிஞ்ச! வேணாம்னு வுட்ட ஒண்ண நான் எடுத்துக்கினா இன்னா?"

"வேணாம்னு எவ சொன்னா?"

கடைசியில் சின்னம்மா குரலை இறக்கினாள். "நீங்க போய்ட்டு வாங்கக்கா. இது எங்கிட்ட இருக்கட்டும். நான் நல்லா பாத்துக்குவேன், தெரியாதா உனக்கு?"

அம்மா பதில் சொல்லுவதற்குள் நான் கத்தினேன். "எனக்கு எங்கப்பாவப் பாக்கணும்! எனக்கு முறுக்கும் வேணாம், பூவும் வேணாம்!"

சின்னம்மா முகம் செத்துவிட்டது. விசாரணை நாளைச் சொல்லி, "வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்று அம்மா கிளம்பிவிட்டாள். வருகிறேன் என்று சின்னம்மா சொல்லவே இல்லை.

அந்த நாள் வந்தது. நாங்கள் காலையிலேயே போய்க் கச்சேரி வராந்தாவில் நின்றோம். விழுப்புரம் வண்டி வந்து போன சத்தம் கேட்டது. ஸ்டேஷன் பக்கமிருந்து யார் யாரோ நடந்து வந்தார்கள், அவளைக் காணோம். எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாசற்படி ஏறும்போது பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். சின்னம்மா! வந்ததும் வராததுமாக என் கலைந்த தலையைப் பார்த்து, "இன்னாக்கா இப்படியா வாருவ?" என்று விரலாலேயே கோதிவிட்டாள். எனக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பயமாகவும் இருந்தது. என்ன சொல்ல வந்திருக்கிறாளோ!

தாசில்தார் முதலில் என்னைத்தான் கேட்டார். "உங்க அம்மா யாரு?"

அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "இவங்கதான்."

"சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறது," என்றார் குமாஸ்தாவிடம்.

"யாரும் சொல்லிக் குடுக்கல! நீங்க வேணா எங்கப்பாவக் கேளுங்க!"

"எங்கே இருக்கார் உங்க அப்பா?"

"சைகோன்ல!"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அவர்களை வைத்து என்ன ஆகவேண்டும்?

தாசில்தார் சின்னம்மா பக்கம் திரும்பினார். "இந்தப் பெண் உன் பெண் என்று அங்கே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?"

சின்னம்மா தலை குனிந்து நின்றாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பல் போச்சு, அப்பா போச்சு. அவள் என்னைப் பார்க்கவில்லை. தாசில்தாரின் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான்தான் சாமி அப்படி சொல்லிக்கினு இருந்தேன். ஆசைதான். பெத்தது எங்கக்கா. நான்தான் தொப்புள் கொடி அறுத்தப்ப வெளக்குப் புடிச்சேன்." பிறகு கச்சேரிக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். "எனக்குப் புள்ள இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தாவின் பேனா மட்டும் ஓடியது.

"சரி," என்று அம்மாவைப் பார்த்தார் தாசில்தார். "போன தடவை ரெண்டு என்றாய். இப்போது நீயே உன் வாயால் சொல். மொத்தம் எத்தனை?"

அறை நிறைய ஆட்கள். வாசலில் சேவகர், அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிறவர்கள். அத்தனை கண்ணும் எங்கள்மேல். அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டாள். செத்துப்போன அக்காவை நினைத்திருப்பாள். "ரெ..." என்று நாக்கு பழக்கத்தில் போனது. நான் அவள் புடவையை ஓர் இழு இழுத்தேன்.

"மூணு!" என்றாள். சொன்னாளா, கத்தினாள். "மூணுங்க சாமி! பெரியவன் ஒண்ணு, தோ இவ ஒண்ணு, இடுப்புல இருக்கிறது ஒண்ணு. மூணும் எம்புள்ளைங்கதான்!" விரலை நீட்டி எங்களை எண்ணினாள். என் வாழ்நாளில் அம்மா எங்களை எண்ணி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாசில்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா!

வெளியே வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், கச்சேரி வாசலில் குனிந்து மண்ணை அள்ளியது. தாசில்தார் மிதித்த இடம், குமாஸ்தாக்கள் மிதித்த இடம், சேவகர் மிதித்த இடம் என்று ஒன்று விடாமல் அள்ளி முந்தானையில் முடிந்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்று சேவகர் ஓடிவந்தார்.

"அத்தினி பேரு எதிர்ல எண்ணிட்டேனே, சுத்திப் போட வேணாமா? காலைக் கொஞ்சம் நகத்துங்க."

வீட்டில் அந்த மண்ணோடு மிளகாயும் உப்பும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் சுற்றி அடுப்பில் போட்டாள். தாலுகா கச்சேரியின் கண்ணேறு முழுவதும் படபடவென்று வெடித்துத் தீர்ந்தது.

சென்னைக்குப் போன பாஸ்போர்ட் திரும்பி வந்தது. மூன்றாவது வரியில் என் பெயர், மேலே முத்திரை. படிக்கத் தெரியாவிட்டால் என்ன? எந்த வரி என்று மனு எழுதுகிறவர் விரல் வைத்துக் காட்டினார். நான் அதைத் தெருவில் எல்லாருக்கும் விரல் வைத்துக் காட்டினேன். அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டி, "இப்ப பாடு பாக்கலாம், கேப்பைக் கூழு!" என்றேன்.

புதுச்சேரியில்தான் கப்பல். விழுப்புரத்தில் வண்டி மாறினோம். வழியனுப்பச் சின்னம்மாவும் எங்களோடு ஏறிக்கொண்டாள். எனக்குப் புதுப் பாவாடை, புது ரிப்பன், பை நிறைய முறுக்கு என்று வாங்கி வந்திருந்தாள். நான் அவள் மடியிலேயே உட்கார்ந்துகொண்டேன். எதிரே மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்த ஓர் அம்மா, என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சின்னம்மாவைக் கேட்டாள்.

"உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?"

சின்னம்மா கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது. கச்சேரியில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன பதிலை மறுபடியும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்திலிருந்து அம்மா முந்திக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணு. தோ, மடியில இருக்குதே, அதான். எனக்கு ரெண்டு."

அம்மாவின் இடுப்பில் துணியில் சுற்றிச் செருகியிருந்த பாஸ்போர்ட்டில் சர்க்கார் முத்திரையோடு மூன்று பெயர் இருந்தது. ஊரெல்லாம் அதைக் காட்டித் தம்பட்டம் அடித்த நான், அப்போது மட்டும் மூச்சு விடவில்லை.

"ஒண்ணுன்னாலும் நல்லா மூக்கும் முழியுமா இருக்குது," என்றாள் அந்த அம்மா.

சின்னம்மா "தூ, தூ" என்று துப்பினாள். என் கன்னம் இரண்டையும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து விரல்களைச் சடசடவென்று முறித்தாள்.

"கண்ணு வைக்காதம்மா," என்றாள். "எனக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான்."